உஸ்தோத்தின் பேத்தி கொண்டுவந்த ரொட்டி

2024 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை. விடியும் முன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் குடங்களைப் பிடித்து வைத்தேன். பால் காய்ச்சினேன். என் கணவர் வழக்கம்போல் ரேடியோ செய்தியைக் கேட்டுக்கொண்டே சவரம் செய்தார். வழக்கம்போல் காதோரம் கொஞ்சம் நுரையை விட்டுவிட்டார், நான் துடைத்துவிட்டேன். பிறகு தச்சநல்லூரிலிருந்து ஆட்டோ பிடித்து ஜங்ஷனுக்குப் போய் சென்னை ரயிலுக்காக நின்றோம். எங்கள் மகனுக்குப் பெண் கொடுத்து இந்த ஊருக்கு அனுப்பலாமா என்று பார்ப்பதற்காகத் தஜிகிஸ்தானிலிருந்து ஒரு பெண்மணி அதில் வந்துகொண்டிருந்தார்.

இதில் வெளிநாட்டுப் பயணம் செய்தவர் அவர். நான் சொந்த ஊருக்குள் அவர் பின்னால் போனவள். ஆனாலும் வீரவநல்லூர் வயல்களை இதற்கு முன் நான் இப்படிப் பார்த்ததில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஒரே மகன் சங்கரன் மருத்துவம் படிக்கத் தஜிகிஸ்தானின் தலைநகர் துஷான்பே போனபோது அவன் பெட்டியில் ஒரு பழைய புத்தகத்தை வைத்தேன். ரஷ்யாவில் அச்சாகி இங்கே மலிவாகக் கிடைத்த தமிழ்ப் புத்தகங்கள் பலருக்கும் நினைவிருக்கும். கல்லூரி நாளில் ஒரு கண்காட்சியில் நான் வாங்கிய இது, ஒரு தஜிக் எழுத்தாளரின் கதைகள். அவருக்கு நீளமான பெயர் உண்டு. அங்கே யாரும் அதைச் சொல்வதில்லை, 'உஸ்தோத்' என்கிறார்கள். ஆசிரியர் என்று பொருள்.

உஸ்தோத் ஒரு தறிக்காரரின் மகன். பெரிய நகரத்து மதரசாவில் மற்ற மாணவர்களுக்குச் சமைத்துப் போட்டுப் படித்தவர். படித்து முடித்ததும் தன் ஊரில் புது முறைப் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்தார். தரையில் உட்கார்ந்து பொருள் தெரியாமல் ஒப்பித்த பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைத்து, கரும்பலகையில் அவர்கள் பேசும் மொழியையே எழுதிக் காட்டினார். இரண்டாம் ஆண்டு பெண்பிள்ளைகளையும் சேர்த்தார். பெஞ்சு மதத்துக்கு விரோதம் என்று புகார் போயிற்று. அப்போது ஆண்ட அமீரின் ஆட்கள் பள்ளிக் கதவை ஆணி அடித்து மூடி, அவரைச் சந்தையில் நிறுத்திப் பிரம்பால் அடித்தார்கள். நண்பர்கள் அவரை இரவோடிரவாக ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். எழுத ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

அவருடைய கதைகளில் எனக்குப் பிடித்தது 'விருந்து'. மகனின் சடங்குக்கு ஊரையே அழைத்துச் சோறு போட்ட ஒருவன், அடுத்த அறுவடையில் தன் வயலிலேயே கூலிக்கு நிற்கிறான். அவன் தலையில் கட்டியிருப்பது விருந்தன்று பரிசாக வந்த பட்டுத் துணி. எங்கள் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா விற்ற நிலம் எனக்குத் தெரியும்.

சங்கரன் என்னை மகிழ்விப்பதற்காக உஸ்தோத்தின் வீட்டைப் பார்க்கப் போனான். அது இப்போது அருங்காட்சியகம். கதவைத் திறந்த பெண்ணின் பெயர் நிகோரா. உஸ்தோத்தின் கொள்ளுப்பேத்தி, அவர் தொடங்கி, பிறகு மறுபடி திறக்கப்பட்ட அதே பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அடுத்த வாரமும் அவன் போனான். புத்தகத்தைக் கொடுத்து அனுப்பியவள் நான்தான்.

படிப்பு முடிந்து அவன் அங்கேயே ஒரு மருத்துவமனையில் சேர்ந்தான். போன வருடம் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இங்கே பாளையங்கோட்டையிலும் ஒரு மருத்துவமனையில் அவனுக்கு இடம் தயார். கல்யாணம் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. எங்கே வாழ்வது என்பதைத்தான் எங்களிடம் விட்டார்கள். நிகோராவின் தாய், உஸ்தோத்தின் பேத்தி மவ்ஜூதா, எங்கள் ஊரைப் பார்த்துவிட்டு, "என் மகள் இங்கே இருக்கலாம்" என்று சொன்னால் இருவரும் வருவார்கள். சொல்லாவிட்டால் என் மகன் எனக்கு விடுமுறை விருந்தாளி. மவ்ஜூதாவுக்கும் நிகோரா ஒரே மகள், கணவர் இல்லை.

ஆகவே அலுவலகத்தில் விடுப்பு போட்டு, மூன்று நாளுக்கு ஒரு நிகழ்ச்சி நிரல் தயாரித்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஊர் அழகாகத் தெரியும் இடங்கள் மட்டும் அதில் இருந்தன.

பூப்போட்ட தலைத்துணி, கணுக்கால் வரை அங்கி, தங்கப் பல் ஒன்று. மவ்ஜூதா இறங்கியதும் வலது கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார். பெட்டியை என் கணவரிடம் கொடுத்தார். துணிப்பை ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. இருவருக்கும் ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். அதனால் ஒருவர் பேசுவதை மற்றவர் நன்றாகவே புரிந்துகொண்டோம்.

மதியச் சாப்பாட்டுக்கு என் நாத்தனார் கோமதி பக்கத்துத் தெருவிலிருந்து வந்து சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுச் செய்யும் இந்தக் குழம்பு எங்கள் பக்கம் மறுவீட்டு விருந்துக்கு உரியது. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வரும்போது வைப்பது.

"ஏளா, இவங்க வீடு பாக்க வந்திருக்காங்களா, மறுவீட்டுக்கு வந்திருக்காங்களா?" என்றார் என் கணவர்.

"சும்மா கெடங்கண்ணே. நல்லது நடக்கணும்னா நாக்குல இருந்துதான் தொடங்கணும்" என்றாள் கோமதி.

மவ்ஜூதா மூன்று முறை சொதி வாங்கினார், இஞ்சிப் பச்சடியோடு. அவர்கள் ஊரில் புலவுச் சோற்றைக் கையால்தான் சாப்பிடுவார்கள் என்பதால் எங்களைவிட நேர்த்தியாகவே பிசைந்தார். கோமதி அடுப்படிக்குள் என்னை இழுத்தாள்.

"மதினி, கை நனைச்சிட்டாங்க!"

சம்பந்தம் பேச வருகிறவர்கள் முடிவு சொல்லும்வரை அந்த வீட்டில் இலை போட்டுச் சாப்பிட மாட்டார்கள். காபியோடு எழுந்துவிடுவார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். இது மவ்ஜூதாவுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அது தெரிந்தும், அன்று முழுக்க மனம் லேசாக இருந்தது.

சாயங்காலம் டவுனுக்குப் போய் நெல்லையப்பர் கோவிலும் அல்வாவும். வாழை இலைத் துண்டில் சூடாக வழிந்ததை அவர் சந்தேகமாகப் பார்த்தார். "எங்கள் ஊர் ஹல்வாவைச் சுத்தியலால் உடைக்க வேண்டும்" என்றார். திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். "அவசரமா வீட்டுக்குப் போவணும்" என்று நான் ஓட்டுநரிடம் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் ஆற்றில் சாக்கடை கலக்கிறது. அது என் நிரலில் இல்லை.

புதன்கிழமை காலை நான் குளித்து வருவதற்குள் அது நடந்திருந்தது.

மவ்ஜூதா அந்தத் துணிப்பையிலிருந்து இரண்டு வட்ட ரொட்டிகளை எடுத்து, துணி விரித்து, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போயிருக்கிறார். நடுவில் பூ அச்சு குத்தி, எள் தூவிய கனமான ரொட்டி. கோமதி பார்த்தாள். பயணத்தில் காய்ந்துபோயிருந்தது. விருந்தாளி கொண்டுவந்த பலகாரத்தை அப்படியே போட்டுவைத்தால் மரியாதை இல்லை என்று, இரண்டையும் கையால் பிய்த்து, தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டி, சீனி தூவி, தட்டுத் தட்டாகப் போட்டுவிட்டாள். அடுத்த வீட்டுக்கும் ஒரு தட்டு போயிற்று.

மவ்ஜூதா வெளியே வந்தார். தட்டைப் பார்த்தார். கோமதியின் கைகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மெல்லத் தின்றார்.

அன்று பாளையங்கோட்டையில் மருத்துவமனையையும் பள்ளிக்கூடங்களையும் காட்டினேன். எல்லாவற்றுக்கும் நல்லது, நல்லது என்றார். நேற்று கேள்வி மேல் கேள்வி கேட்டவர் இன்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. மதியம் சோற்றைத் தொட்டுவிட்டு எழுந்தார். சாயங்காலம் நான் மாடிக்குப் போய் நிகோராவை அழைத்து, காலையில் ரொட்டித் துண்டுகளைப் பார்த்ததிலிருந்து அவள் அம்மா சரியாக இல்லை என்றேன்.

"ரொட்டியை யார் உடைத்தது, அம்மா?" என்றாள். என்னை அம்மா என்று தமிழில்தான் கூப்பிடுவாள்.

"கோமதி அத்தை."

"எல்லாரும் சாப்பிட்டீர்களா?"

"அடுத்த வீட்டுக்கும் கொடுத்தோம்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள். அவர்கள் வழக்கத்தில் இரண்டு வீட்டாரும் கூடியிருக்க, ரொட்டியை உடைத்துப் பகிர்ந்தால் பெண்ணை அந்த வீட்டுக்கே கொடுத்தாயிற்று என்று பொருள். அம்மா தன் கையால் சுட்டுக்கொண்டு வந்தது அது. அதுவரை மேசையில் வைத்திருந்து, ஊரைப் பார்த்து மனம் ஒப்பினால் கடைசி நாளில் உடைப்பதாக இருந்தார். ஒப்பாவிட்டால் உடைக்காமல் எங்களுக்குப் பரிசாக வைத்துவிட்டுப் போயிருப்பார்.

"இப்போது?"

"இனி அம்மா மறுக்க மாட்டார். எங்கள் வீட்டில் ரொட்டியைத் தாண்டி யாரும் பேசுவதில்லை."

உண்மையை எழுதுகிறேன். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். சங்கரனின் அறைக்கு எந்த நிறம் அடிப்பது என்பதுவரை போய்விட்டேன். கீழே வந்து கணவரிடம் சொன்னேன்.

"ஒடஞ்சது ஒடஞ்சதுதான். நாம என்ன வேணும்னா செஞ்சோம்? தானா வந்த லெச்சுமிய எதுக்குத் தள்ளுதே?" என்றார்.

அப்போதுதான் உஸ்தோத்தின் இன்னொரு கதை நினைவுக்கு வந்தது. வாய்க்காலுக்குத் தண்ணீர் எடுக்கப் போன பெண் திரும்பி வருவதற்குள் அவளைக் கேட்காமலே அப்பா நிச்சயம் செய்துவிடுகிறார். அவள் குடத்தோடு வாசலிலேயே நிற்கிறாள். உள்ளே போனால் அது ஒப்புக்கொண்டதாகிவிடும். தமிழில் அந்த இடத்தில் 'வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்' என்று இருக்கும். நமக்குப் புரியட்டும் என்று மொழிபெயர்ப்பாளர் ரொட்டியை எடுத்துவிட்டுத் தாம்பூலம் வைத்துவிட்டார். இல்லையென்றால் காலையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். கதையில் வாசலில் நின்றவள் பெண். எங்கள் வீட்டில் பெண்ணின் தாய் நின்றுகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பாபநாசம். ஏற்பாடு செய்த கார் வரவில்லை. "யக்கா, எங்க பெரியப்பா தவறிட்டாரு" என்று ஓட்டுநர் போன் செய்தான். பேருந்தில் ஏறினோம். பிசானப் பருவ நெல் அறுவடை நேரம். சாலையில் பாதிக்கு வைக்கோல் காய்ந்தது. வீரவநல்லூர் தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கி வாய்க்கால் ஓரம் மருத நிழலில் உட்கார்ந்தோம்.

நடத்துநர் பக்கத்தில் வந்தார். "வெள்ளக்காரம்மாவாக்கா?"

"இல்ல, தஜிகிஸ்தான்."

"அது எங்கன இருக்கு?"

"ஆப்கானிஸ்தானுக்கு மேல."

"கிரிக்கெட் ஆடுவாங்களா?"

"ஆட மாட்டாங்க."

"அப்பம் நமக்குத் தெரியாததுல தப்பில்ல" என்று போய்விட்டார்.

கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த அண்ணாச்சி ஒருவர் விடவில்லை. "சுத்திப் பாக்க வந்தவுகளா?"

"சம்பந்தி ஆகப் போறாங்க, அண்ணாச்சி."

"பொண்ணு குடுக்கியளா, எடுக்கியளா?"

"எடுக்கோம்."

"அம்புட்டு தூரத்துலயா? பாத்துக்கிடுங்க. பொண்ணு இங்கன வராது, ஒங்க பையன்தான் அங்கன போவான். எங்க மவன் தென்காசியில எடுத்தான், அவனே வீட்டுக்கு வாரதில்ல!" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதை மொழிபெயர்க்கச் சொன்னார் மவ்ஜூதா. கொய்யா இனிப்பு என்று சொல்கிறார் என்றேன்.

மவ்ஜூதா வாய்க்கால் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நெல் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஆறு பனி உருகி வருவது. கோடையிலும் விரல் விறைக்கும். மலைகள் பெரியவை, புல்கூட இல்லாதவை. "உங்கள் மலை சின்னது. ஆனால் உடை உடுத்தியிருக்கிறது" என்றார் பொதிகையைக் காட்டி. ரொட்டி உடைந்த பிறகு எங்கள் ஊரைப் பற்றி அவர் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

பாபநாசத்தில் கோவில் முன் படித்துறையில் உட்கார்ந்தோம். பொரி வாங்கி மீன்களுக்குப் போட்டோம். பொரிப் பொட்டலம் தீர்ந்ததும் நான் சொன்னேன்.

"நேற்றைய ரொட்டியைக் கணக்கில் எடுக்காதீர்கள். கோமதிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நீங்கள் உடைக்கவில்லை."

சொல்லும்போதே என் மகன் என் கையைவிட்டுப் போவது தெரிந்தது. ஆனால் சொல்லி முடித்தேன்.

"உடைந்ததை எப்படி ஒட்டுவது?" என்றார்.

"எங்கள் கணக்குப்படி நீங்கள் செவ்வாய்க்கிழமையே கொடுத்துவிட்டீர்கள்" என்று கை நனைக்கும் வழக்கத்தைச் சொன்னேன். அதுவும் மூன்று முறை சொதி வாங்கி!

அவர் வாயைத் தலைத்துணியால் பொத்திக்கொண்டு சிரித்தார். குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பேச ஆரம்பித்தார்.

"நான் உங்கள் ஊரைப் பார்க்க வரவில்லை. குறை பார்க்க வந்தேன். வெயில், கொசு, மிளகாய் எல்லாவற்றையும் மனதில் எழுதிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லக் காரணம் வேண்டியிருந்தது."

"நான் அந்தப் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தவிடவில்லை" என்றேன். காரணத்தையும் சொன்னேன். கொய்யாக்காரர் உண்மையில் சொன்னதையும் சொன்னேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் தன் அத்தையைப் பற்றிச் சொன்னார். உஸ்தோத்தின் மகள். பெண்ணே தன் துணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதியவரின் மகள் ஒரு பொறியாளரைத் தேர்ந்தெடுத்தாள். வடக்கே, பனி நாட்டில் வேலை. உஸ்தோத் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அவர்கள் வழக்கப்படி, புறப்படும் மகள் ஒரு ரொட்டியைக் கடித்துக் கொடுத்தாள். மீதியை ஆணியில் தொங்கவிட்டார்கள். திரும்பி வந்து அவளே அதைத் தின்ன வேண்டும். அதன் பிறகு உஸ்தோத் எழுதிய எதிலும் மகள்கள் இல்லை. எழுதுவதை விட்டுவிட்டு மாலையில் வெளிக்கதவருகே நாற்காலி போட்டு உட்காருவார். யாராவது கேட்டால் காற்று வாங்குவதாகச் சொல்வார். அவர் இறந்த பிறகுதான் அத்தை வந்தாள்.

போன வருடம் நான் அங்கே போயிருந்தபோது அருங்காட்சியகச் சுவரில் பல் பதிந்த ஒரு கறுத்த ரொட்டியைப் பார்த்தேன். பழங்காலத்து உணவு மாதிரி என்று நினைத்து அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

"அத்தை அதைத் தின்னவில்லையா?"

"காத்திருந்தவர் இல்லாமல் எப்படித் தின்பது என்றாள்."

காலிப் பொட்டலத்தை நான் மடித்து வைத்தேன். பிறகு அவர்தான் சொன்னார். "தாத்தா சரியாகத்தான் எழுதினார். வலிக்காது என்று அவர் எங்கும் எழுதவில்லை. இந்தப் பிள்ளைகள் மரியாதைக்காக நம்மைக் கேட்டார்கள். நாம் பதில் சொல்லக் கூடாது."

அங்கிருந்தே சங்கரனை அழைத்தோம். இரண்டு முறை அறுந்து மூன்றாம் முறை கிடைத்தது.

"எங்கன இருக்கதுன்னு நாங்க சொல்ல மாட்டோம்லே. நீங்க ரெண்டு பேரும் பேசி எங்களுக்குச் சொல்லுங்க."

"அம்மா, அந்தம்மா பக்கத்துல இருக்காங்களா? சண்டை கிண்டை ஒண்ணும் இல்லியே?"

"மீனுக்குப் பொரி போட்டுக்கிட்டு இருக்கோம்."

"ஒனக்கு என்ன வேணும்னு சொல்லும்மா."

எனக்கு என்ன வேண்டும் என்பது வாய்வரை வந்தது. "நான் ஒன்னையப் பெத்தவ. எனக்கு என்ன வேணும்னு ஒனக்குத் தெரியாதா? அத வச்சு முடிவு பண்ணாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பதில் வெள்ளிக்கிழமை காலை, தூத்துக்குடி விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் வந்தது. சங்கரன் பேசினான். நிகோராவின் வகுப்பில் இந்த ஆண்டு பெண்பிள்ளைகள் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். மலைக் கிராமத்துப் பிள்ளைகள். பாதியில் விட்டால் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அவனுக்கும் அந்த மருத்துவமனை பழகிவிட்டது. அங்கேயே இருக்கிறார்கள். கல்யாணம் மட்டும் இங்கே, எளிமையாக. சொல்லிவிட்டு அவன் அழுதான். நான் அழவில்லை. "சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

மவ்ஜூதாவுக்கு நிகோரா தனியாகச் சொல்லியிருந்தாள். வெற்றி பெற்றவரைப்போல அவர் இல்லை. விமான நிலையத்தில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்குச் சந்தோஷம். உங்கள் முன்னால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை" என்றார். "பெட்டியில் வையுங்கள். எடை குறைவாகத்தான் இருக்கிறது" என்றேன். கோமதி கட்டிக் கொடுத்த அல்வாவையும் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தையும் அணைத்துக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக்கு அப்பால் திரும்பிக் கையை நெஞ்சில் வைத்தார். நானும் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த நிரலைக் கிழித்தேன். என் கணவர் சாயங்காலம் வெளியே போய்த் தனியாக நடந்துவிட்டு வந்தார். போன வருடம் அவர் என்னோடு துஷான்பே வரவில்லை. பையன்தான் திரும்பி வரப் போகிறானே, எனக்கு எதற்கு அங்கே வேலை என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது அவர் எனக்கு முன்பே சாப்பாட்டு மேசையில் இருந்தார். சவரம் செய்யவில்லை, ரேடியோ போடவில்லை. மூக்குக் கண்ணாடியோடு தன் பள்ளி இறுதிச் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, பாஸ்போர்ட்டுக்கு இது போதுமா?" என்றார்.

பால் அடுப்பில் ஏற்றும் முன் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தைத் திறந்தேன். முதல் வேலையாக அவர் பெயரை நிரப்பினோம்.